நல்ல உடுப்பில் ஒரு படம்

எட்டாவதோடு பள்ளியை விட்டு ஊர் ஊராகக் கொத்து வேலை பார்த்தவன் நான். செஞ்சியிலிருந்து எங்கள் சபையார் ஆப்பிரிக்காவுக்கு ஊழியத்துக்குப் போனபோது, அங்கே ஜெபக்கூடச் சுவர் எழுப்ப என்னையும் கூட்டிப் போனார்கள்.

எங்களுக்குச் சமைத்துப் போட்டவள் ஒரு விதவை. தண்ணீருக்கு விடியலில் போனால் வெயிலேறித்தான் திரும்புவாள். பாஸ்டர் படமெடுத்தபோது கிழிந்த உடுப்போடு அடுப்படியில் இருந்தாள். வெட்கப்பட்டு ஓடி, நல்ல உடுப்பு மாற்றி வந்தாள். அதற்குள் அவர் போய்விட்டார். நான்தான் என் போனில் எடுத்தேன்.

ஊர் திரும்பியதும் ஆராதனையில் திரைகட்டிப் பாஸ்டர் எடுத்த படங்களைக் காட்டினார்கள். அவள் ஊருக்குக் கிணறு வெட்டக் காணிக்கைப் பை சுற்றி வந்தது. அவள் கந்தலைப் பார்த்து, பக்கத்திலிருந்த சாமுவேல் அண்ணன் கண்ணைத் துடைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. போனை நீட்டினேன்.

"இதப் பாருண்ணா. இதான் அவங்க."

"இன்னாப்பா, நம்ம ஊட்டுப் பொம்பளைங்கள விட நல்லா இருக்குது! இதுக்கு எதுக்கு நம்ம காசு?"

எடுத்த நோட்டைச் சட்டைப்பையில் திரும்ப வைத்தார். போனை வாங்கி முன்வரிசைக்கும் காட்டினார். அங்கேயும் சிரித்தார்கள். பை இளைத்தே போய்ச் சேர்ந்தது.

கிணறு இன்னும் வெட்டவில்லை. அவளிடம் ஒரு நல்ல உடுப்பு இருந்ததை நான்தான் காட்டிக்கொடுத்தேன்.