டீக்கடை பெஞ்சில் ஓர் இடம்

அந்த டீக்கடைக்குள் போய் பெண்கள் நாங்கள் இருவரும் உட்கார்ந்தால் என்ன என்று சட்டென்று தோன்றுகிறது. புதுவாயலில், கல்கத்தா ரோட்டோரம், எங்கள் பஸ்ஸுக்கு டயர் மாற்றுகிறார்கள். கடை பெஞ்சில் பஞ்சாயத்து மெம்பர்கள், குடிநீர்க் குழாய் எந்தத் தெருவுக்கு என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைப் போலவே மெம்பரான, சற்றுமுன் என்னிடம் பேச்சுக் கொடுத்த உள்ளூர்க்காரர் கன்னியம்மா மட்டும் வெளியே என்னருகில் நிற்கிறார்.

“நீங்க போகலையா அக்கா?”

“டீக்கடையில பொம்பள குந்துவாளா? பேசி முடிச்சு சொல்லியனுப்புவாங்க, கையெழுத்து போடுவேன்.”

“உங்க தெருவுக்குக் குழாய்?”

“கேட்டுக்கினேதான் கீறேன், கண்ணு.” கலைந்த என் பின்னலைச் சரிசெய்கிறார்.

“வாங்க, ரெண்டு பேரும் போலாம்.”

“நீ பஸ் ஏறிப் பூடுவ. ஊரு என்னைத்தானே பேசும்?” சொன்னவர் பெஞ்சையே பார்க்கிறார். “டீ மட்டும் நல்லா இருக்குமாமே!”

கண்டக்டர் விசில் ஊதுகிறார். பஸ் போகட்டும். முதலில் நான் உட்காரப் போகிறேன், பக்கத்தில் அக்காவுக்கு இடம் விட்டு.