ஆறப் பொறுக்காத உருளைக்கிழங்கு

எங்கள் அண்ணியைப் பற்றிச் சொல்வதென்றால், அவர் சாப்பிடாததிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒரு தொழிற்சாலை கேன்டீனில் அவர் தலைமைச் சமையல்காரி. இடுப்பளவு உயரமுள்ள அண்டாவில் துடுப்பு மாதிரி ஒரு கரண்டியை விட்டுத் துழாவுவார். கொதிக்கிற சத்தத்தை வைத்தே வெந்துவிட்டதா இல்லையா என்பார். உப்புப் பார்க்க மட்டும் பாத்திரம் கழுவுகிற அக்காவைக் கூப்பிடுவார். அண்ணியின் வாய்க்குள் ஒரு சொட்டு இறங்காது.

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். அண்ணி விஷயத்தில் பத்தும் பத்திரமாக இருந்தன, பறந்துபோனது பசிதான். வேலை முடிந்து வந்ததும் முகம் கழுவிவிட்டு அரைத் தம்ளர் மோர் குடிப்பார். "காலையிலேர்ந்து எண்ணெய்ப் புகையையே தின்னாச்சு, வயிறு ரொம்பிடுச்சு" என்று சொல்லிப் படுத்துவிடுவார். கட்டாயப்படுத்தினால் நாலு வாய் விழுங்குவார், மருந்து விழுங்குவது மாதிரி. டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு உடம்பில் ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லை என்பதுதானே எங்கள் கவலையும்! தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டு வந்தது. அண்ணன் லேத் பட்டறைக்காரன், இரும்பையே கடைந்து வழிக்குக் கொண்டுவருகிறவன். தன் மனைவியின் தட்டு முன்னால் மட்டும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பான்.

நான் அவர்கள் வீட்டு மாடியில் இருக்கிறேன். துணிக்கடையில் உட்கார்ந்து பில் போடுகிற வேலை. அண்ணி சாப்பிடாததையும் சேர்த்துச் சாப்பிட்டு வந்தவள் நான். என் உடம்பைப் பார்த்தாலே அது தெரியும். இந்தக் கனத்தால் யாருக்கு என்ன லாபம் என்று அண்ணன் கேட்காத நாளில்லை. அதற்கும் ஒரு காலம் வந்தது.

தொழிற்சாலையில் ஆட்களை ஒரு நாள் ஊருக்கு வெளியே பாறை ஏறக் கூட்டிப் போனார்கள். அண்ணி சாப்பாட்டு வண்டியோடு போனார், ஒத்தாசைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு. பரிமாறி முடித்து, பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தாயிற்று. பயிற்சி கொடுத்தவனை எல்லோரும் பல்லி என்பார்கள், அப்படி ஒட்டிக்கொண்டு போவான். அவன் வேடிக்கையாக, "அக்கா, நீங்களும் ஏறிப் பாக்குறீங்களா?" என்றான். பிடி வழுக்காமலிருக்கக் கையில் தடவ அவன் நீட்டிய வெள்ளைப் பொடியை அண்ணி விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"நல்லா நைசா அரைச்சிருக்காங்க" என்றார். பிறகு ஏறினார்.

அண்டாவைத் துழாவித் துழாவி உரமேறிய கை அது. பாறையில் ஒரு விளிம்பைப் பிடித்தால் விடவில்லை. கால் நடுங்கியது, வாய் யாரையோ திட்டியது, கை மட்டும் விடவில்லை. பாதிப் பாறை ஏறி இறங்கி வந்தவர் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"என்ன அண்ணி, வலிக்குதா?"

"வலி இல்லை. இங்க என்னமோ பண்ணுது." கொஞ்சம் யோசித்தார். "ஏய், எனக்குப் பசிக்குதுடி!"

காணாமல் போன உறவுக்காரர் திரும்பி வந்துவிட்ட மாதிரி அதைச் சொன்னார். ஆனால் அத்தனை பேருக்கு ஆக்கிப் போட்டவருக்குக் கொடுக்க ஒரு பருக்கை இல்லை! வண்டியை விரட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவதற்குள் அண்ணி முகம் பழையபடி ஆகிவிட்டது. "போயிடுச்சு, விடு" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்றைக்கு அந்த வழியைப் பிடித்துக்கொண்டோம். விடுமுறை நாளெல்லாம் பாறைதான். அண்ணன் வண்டி ஓட்டுவான். உயரம் என்றால் அவனுக்குப் பயம், நாற்காலியில் ஏறி பல்பு மாட்டவே யாராவது காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அதனால் பாறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வண்டி நிழலில் உட்கார்ந்திருப்பான். பல்லி கயிற்றை உச்சியில் ஒரு வளையத்தில் மாட்டிக் கீழே விடுவான். அதன் ஒரு முனை அண்ணியின் இடுப்புப் பெல்ட்டில், மறுமுனை என் பெல்ட்டில். அண்ணி ஏற ஏற நான் தொய்வை இழுத்துக்கொள்ள வேண்டும். அவர் கை நழுவினால் என் கனம்தான் அவரைத் தாங்கும். "உங்களை மாதிரி ஆள் கிடைக்கிறது கஷ்டம் அக்கா" என்றான் பல்லி. என் உடம்பை ஒருவர் வாய்விட்டுப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

பசியும் ஏமாற்றாமல் வந்தது. வந்த பசி நிற்பதுதான் சிக்கல். அண்ணி தானே கட்டிவந்த சோற்றைத் திறந்ததும், தன் சமையல் வாசனை மூக்கில் ஏறி, பசி ஓடிவிட்டது. கடையில் வடை வாங்கிப் போனோம். முகர்ந்து பார்த்துவிட்டு, "இது நேத்து எண்ணெய்" என்று கீழே வைத்துவிட்டார். பாறையிலிருந்து இறங்கி, அந்தப் பசி அடங்குவதற்குள், வேறு யாராவது சமைத்தது அவர் வாய்க்குள் போயாக வேண்டும். நான் வெந்நீர் வைத்தாலே அடிபிடிக்கும், என்னை விட்டுவிடுங்கள்.

இந்த நிலைமையில்தான் போன வாரம் பல்லி பெல்ட்டை இழுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். பெல்ட் கடைசிவரை இறுக்கியாயிற்று, அப்படியும் அண்ணி இடுப்பில் கொஞ்சம் தொளதொளத்தது. "இன்னும் இளைச்சீங்கன்னா ஏத்த மாட்டேன் அக்கா. தலைகீழா விழுந்தீங்கன்னா நழுவிடும்" என்றான். ஏறாவிட்டால் பசி வராது. பசிக்காவிட்டால் இளைப்பார். இளைத்தால் ஏற்ற மாட்டான். அன்று இரவு அண்ணன், "அடுத்த வாரம் நான் சமைக்கிறேன்" என்றான்.

நேற்று அந்த நாள். அண்ணன் விடிவதற்கு முன்பே அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டான். உருளைக்கிழங்கை வேகவைத்து, லேத்தில் கடைந்த மாதிரி எல்லாத் துண்டும் ஒரே அளவில் வெட்டி, வெண்ணெயும் வெங்காயமும் மிளகும் போட்டுப் புரட்டி, கூடவே அவித்த முட்டைகளையும் வைத்து எவர்சில்வர் டப்பாவில் மூடினான். ஒரு பிளாஸ்க் நிறைய எலுமிச்சம்பழம் பிழிந்த இஞ்சி டீ. டீயில் எனக்கும் பங்கு உண்டு என்று முன்பே சொல்லிவைத்தேன். சாப்பாட்டு விஷயத்தில் எனக்கு வெட்கமே கிடையாது.

பாறையின் நடுவில் மூக்கு மாதிரி புடைத்துக்கொண்டு ஓரிடம் இருக்கிறது. அண்ணி அதைத் தாண்டியதே இல்லை. அதற்குக் கீழிருந்தே இறங்கிவிட்டால் சின்னப் பசி, அதைத் தாண்டினால் பெரிய பசி என்பது என் கணக்கு. கணக்கு சரியாக இருக்க வேண்டுமே என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மூக்குவரை விறுவிறுவென்று போய்விட்டார். அங்கே நின்று ஒரு கையை உதறினார், மறு கையை உதறினார். இடது காலை எட்டி வைத்துப் பார்த்தார், வழுக்கியது. மறுபடி வைத்தார்.

"அண்ணி, வலப்பக்கம் ஒரு பிடி இருக்கு!"

"பேசாதே! கயித்தப் பிடி!"

வலது கையை எட்டி அந்தப் பிடியில் போட்டார். ஒரு நொடி உடம்பு முழுவதும் அந்தரத்தில் ஊசலாடியது. கீழே என் கால் தரையை விட்டுக் கிளம்பப் பார்த்தது, நான் அழுத்தி உட்கார்ந்தேன். "ஹா!" என்று அண்ணியிடமிருந்து ஒரு சத்தம். மூக்குக்கு மேலே முதலில் அவர் முழங்கை தெரிந்தது, அப்புறம் ஆளே தெரிந்தார்! நான் கத்திய கத்தலில் முதுகைக் காட்டியிருந்த அண்ணன் திரும்பிப் பார்த்து, உடனே கண்ணை மூடிக்கொண்டான்.

உச்சியைத் தொட்டவர்கள் நின்று நாலு பக்கமும் பார்ப்பார்கள். அண்ணி எதையும் பார்க்கவில்லை.

"இறக்குடி!"

"கொஞ்சம் வேடிக்கை பாத்துட்டு வாங்களேன் அண்ணி!"

"வந்துடுச்சு! சீக்கிரம் இறக்கு!"

பக்கத்துப் பாறையில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் வேறு எதையோ நினைத்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நான் கயிற்றை விட விட, பல்லி "மெதுவா, மெதுவா!" என்று பதற, அண்ணி தரைக்கு வந்து சேர்ந்தார். முகம் சிவந்து, கண் பளபளத்து, பசித்த குழந்தையின் ஆத்திரம் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"அண்ணா, பசி வந்துடுச்சு! ஓடி வா!"

அண்ணன் டப்பாவையும் பிளாஸ்க்கையும் அணைத்துக்கொண்டு ஓடிவந்தான். மூடியைத் திறக்கப் பார்த்தான். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான், அசையவில்லை. இரும்பையே கடைகிற கை! பல்லி வாங்கிப் பார்த்தான். நானும் இழுத்துப் பார்த்தேன், கயிறு இழுத்த கை எரிந்தது. அண்ணியின் விரல்களோ பாறையைப் பிடித்துப் பிடித்து மடங்கவே மறுத்தன, அவரால் டப்பாவைத் தூக்கக்கூட முடியவில்லை.

"சீக்கிரம்" என்றார் அண்ணி. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அந்தக் குரல் எங்களுக்குத் தெரியும். அடுத்தது 'போயிடுச்சு, விடு'தான்.

"பாறையில அடிச்சு உடைச்சிடலாம்!" என்றேன்.

அண்ணி முழங்கையால் டப்பாவைத் தன் பக்கம் நகர்த்தினார். மூடி லேசாக உள்வாங்கியிருந்தது. "சூடாவே வெச்சு மூடினீங்களா?" என்றார் அண்ணனிடம்.

"சூடு போயிடக் கூடாதேன்னு..."

"ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கலையா? உள்ள ஆவி குளுந்து மூடியை இழுத்துப் பிடிச்சிருக்கு. இனி யானையைக் கட்டி இழுத்தாலும் வராது. கொதிக்கக் கொதிக்க எதையாவது மேல ஊத்தணும்."

அந்தப் பொட்டல்வெளியில் சூடாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். எல்லோரும் பிளாஸ்க்கைப் பார்த்தோம்.

"டீயை நீ குடிச்சிடு" என்றான் அண்ணன் அண்ணியிடம், தயங்கியபடி. "அதுவாவது உள்ள போகட்டும். ஊத்தியும் டப்பா திறக்கலைன்னா ரெண்டும் இல்லாம போயிடும்."

அண்ணிக்கு நாக்கு வறண்டிருந்தது. உதடெல்லாம் வெள்ளைப் பொடி. டீயை ஒரு தரம் பார்த்தார், மூடியை ஒரு தரம் பார்த்தார்.

"டீ குடிச்சா பசி அடங்கிடும். ஊத்துங்க."

அண்ணன் ஊற்றினான். என் பங்கு டீயும் சேர்ந்து மூடியின் மேல் ஆவி பறக்க ஓடிப் பாறையில் வழிந்தது. இஞ்சி வாசனை ஆளைத் தூக்கியது. அண்ணன் துண்டைப் போட்டுப் பிடித்து முறுக்கினான். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றினான். 'டப்' என்று ஒரு சத்தம்!

மூடி திறந்ததும் யாரும் உருளைக்கிழங்கைப் பார்க்கவில்லை, அண்ணியின் மூக்கைத்தான் பார்த்தோம். வெண்ணெயும் மிளகும் கலந்த வாசனை மேலே வந்தது. அண்ணி மூச்சை இழுத்தார். வாயைத் திறந்தார்.

விரல் மடங்காதே! அண்ணன்தான் ஊட்டினான். இத்தனை வருஷத்தில் அவன் அண்ணிக்கு ஊட்டி நான் பார்த்ததில்லை. பல்லி நாகரிகமாகக் கயிற்றைச் சுருட்டப் போய்விட்டான். நான் போகவில்லை, எனக்கு அந்த நாகரிகமெல்லாம் கிடையாது. ஒரு வாய், இரண்டு வாய், மூன்றாவதை வாங்கும்போதே அண்ணி பேச ஆரம்பித்தார்.

"உப்பு போட்டீங்களா இல்லையா? மிளகை யாராவது முழுசா போடுவாங்களா? வெங்காயம் பச்சையா கடிபடுது. கிழங்கு நடுவுல வேகவே இல்லை. கொண்டாங்க, இன்னொரு வாய்."

வாயில் வைத்துவிட்டு அண்ணி குறை சொல்லிக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! வீட்டில் எது வைத்தாலும் நன்றாக இருக்கிறது என்று ஒதுக்கி வைக்கிறவர் அவர். அண்ணன் திட்டு வாங்க வாங்கச் சிரித்தான், சிரிக்கச் சிரிக்க ஊட்டினான். பிளாஸ்க்கின் அடியில் கடைசியாக இருந்த டீயும் அண்ணி வாய்க்குள்தான் போனது. டப்பா காலியானது. என் கையில் பாதி முட்டை இருந்தது. அண்ணி அதையே பார்த்தார். சாப்பாட்டு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்தவள் இல்லை. கொடுத்துவிட்டேன்.

வண்டியில் திரும்பும்போது எனக்கு உள்ளுக்குள் பயம்தான். இது ஒரு வேளைக் கூத்தாக முடிந்துவிட்டால்? இந்த நேரத்துக்கெல்லாம் அண்ணி கண்ணை மூடிச் சாய்ந்துவிடுவார், வீட்டுக்குப் போனால் அரைத் தம்ளர் மோர், அதோடு சரி. அண்ணனுக்கும் அதே நினைப்பு போலிருக்கிறது, கண்ணாடியில் அண்ணியைப் பார்த்துப் பார்த்து ஓட்டினான். கடைத்தெரு வந்தது, போனது. அண்ணி தூங்கவில்லை. மடங்காத விரல்களை மடியில் வைத்துப் பிசைந்துகொண்டு வெளியே பார்த்தபடி இருந்தார்.

"என்னங்க" என்றார் திடீரென்று.

"என்ன?"

"ராத்திரிக்கு என்ன?"

எங்கள் வீட்டில் தினமும் யாராவது அண்ணியிடம் கேட்கிற கேள்வி அது. அண்ணி கேட்டு நான் கேட்டதில்லை. அண்ணன் வண்டியை ஓரமாக நிறுத்தி, இரண்டு கையாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.