நாமக்கல்லில் ஒரு வெயின்ஸ்காட் சுவர்

எண்பத்து மூன்றாம் வருடம் பங்குனியில் நான் எடப்பாடியிலிருந்து நாமக்கல் போனது, என் தங்கை கோமதிக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டை வேவு பார்க்க. மாப்பிள்ளை தங்கராசு லாரிக்கு மரத்தில் பாடி கட்டுகிறவர். அவர் வீட்டார் எழுதிய கடிதத்தில், 'ஹால் சுவருக்கு வெயின்ஸ்காட் செய்திருக்கிறது' என்று ஒரு வரி. அந்த வரிதான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

நான் பள்ளிக்கூட வாத்தியார், அகராதியைப் புரட்டினேன். சுவரின் கீழ்ப்பாதியை மூடி அடிக்கும் பலகையாம். டச்சுக்காரர் பேச்சிலிருந்து வந்த சொல்லாம். அதன் முதல் பாதி 'வண்டி'யாக இருக்கலாம், உறுதியில்லையாம். பிறந்த இடமே சரியாகத் தெரியாத சொல்! குளிர்நாட்டுக்காரன் குளிருக்கு அடிக்கிறான், சரி. வெயில் மண்டையைப் பிளக்கும் ஊரில் சுவரை எதற்கு மூட வேண்டும்? எதையோ மறைக்கிறார்கள். கோமதியைக் கண்ணை மூடிக்கொண்டு அங்கே அனுப்ப முடியுமா?

காலை ஆறே காலுக்கு பஸ். திருச்செங்கோடு வரை முப்பது கிலோமீட்டர், அப்போது இரண்டு ரூபாய் எண்பது பைசா. அங்கே மாறினால் நாமக்கல் இன்னும் முப்பத்தைந்து. மூன்று ரூபாய் இருபது. ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தேன். டீக்கடையில் விசாரித்தால், "நல்ல குடும்பந்தானுங்க" என்றார் கடைக்காரர். யோசிக்காமல் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டு ஹாலில் என்னை உட்கார வைத்து, தங்கராசு தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போனதும் பலகையை விரலால் தட்டினேன். காதை வைத்தேன். முகர்ந்துகூடப் பார்த்தேன். திரும்பினால் அவர் ஸ்பேனருடன் நிற்கிறார்.

"ஏனுங்க, கேட்டிருந்தா நானே காட்டிருப்பேனுங்களே" என்று நாலு போல்ட்டைக் கழற்றி ஒரு பலகையை எடுத்தார். பின்னால் சுவர் உப்புப் பூத்து உதிர்ந்திருந்தது. நான் நினைத்தது சரி என்று உள்ளுக்குள் ஒரு கெட்ட சந்தோஷம்.

"மண்ணு உப்புங்க, செவுத்துல சுண்ணாம்பு நிக்க மாட்டேங்குது. இது லாரிக்கு அடிக்கிற பலகைதானுங்க. ஏற்காட்டு பங்களா ஒண்ணுல வேலை செஞ்சப்ப இந்தப் பேரச் சொன்னாங்க. ஆணி அடிக்காம போல்ட்டுப் போட்டது, கேக்கறவங்களுக்குக் கழட்டிக் காட்டத்தான். உங்க பக்கம் ஏதாச்சும் சொல்றதிருக்குதுங்களா?"

அகராதி சந்தேகப்பட்ட வண்டிப் பலகை, இங்கே நிஜமாகவே வண்டிப் பலகை. எங்கள் பக்கமும் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. கோமதிக்கு இடது காது கேட்காது. சொன்னால் இந்த இடமும் தவறிவிடும் என்று வீட்டில் மூடி வைத்திருந்தோம்.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன், கூசாமல்.

பலகையைத் திரும்ப மாட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வந்தார். பஸ் கிளம்பும்போது ஜன்னலோரம் வந்து நின்றார். "எடது காது கேக்காதுன்னு, பொண்ணுப் பாக்க வந்தன்னிக்கே உங்க தங்கச்சி சொல்லீருச்சுங்க. நான் வலப்பக்கமா உக்காந்துதான் பேசுனேன். கல்யாணத்த வைகாசிலயே வச்சுக்கலாமுங்க."

வெட்கத்தில் திருச்செங்கோடு வரை நான் தலை நிமிரவில்லை.

மாப்பிள்ளை வீடு பார்க்கக் கிளம்புகிறவர்கள் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள், உட்கார இடம் கிடைக்கும். கட்டணத்தை இப்போது விசாரித்துக்கொள்ளுங்கள். சுவரில் சந்தேகம் இருந்தால் வாய்விட்டே கேளுங்கள், தப்பில்லை. ஆனால் பஸ் ஏறுமுன் கல்யாணப் பெண்ணிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நான் கேட்கவே இல்லை.