பக்கத்துச் சீட்டுக்காரன்

உலகச் சண்டைக் காலம். பெட்ரோல் கிடைக்காததால் ராசிபுரத்து வேலுமணி தன் லாரியின் முதுகில் கரியடுப்பு ஒன்றைப் பூட்டியிருந்தார். கரி வெந்து வரும் புகையில்தான் எஞ்சின் ஓடும். அந்த முரட்டு வண்டியை மேட்டில் ஏற்ற டிரைவர் அப்புசாமியை விட்டால் ஆளில்லை. அந்தக் கர்வம் அவனுக்கும் உண்டு.

ஒருநாள் முதலாளி வேலுமணி, கண்ணுசாமி என்ற ஆளைக் கூட்டிவந்தார். "இவனும் உங்கூட வரட்டும்." எதற்கென்று அவர் சொல்லவில்லை, அப்புசாமியும் கேட்கவில்லை.

கண்ணுசாமி அதிகம் பேசமாட்டான். பக்கத்தில் உட்கார்ந்து அப்புசாமியின் காலையே பார்த்துக்கொண்டு வருவான். கிளச்சை மிதித்தால் அவன் பாதமும் லேசாக அமுங்கும்.

"என்ற சோத்துல மண்ணள்ளிப் போட வந்திருக்கறான் புள்ளே," என்றான் அப்புசாமி, மனைவி பாப்பாயியிடம்.

"ஏனுங்க, மொதலாளியையே கேட்டுப்போடுங்களே."

"கேட்டா பயந்துட்டான்னு நெனப்பாரு."

அன்றிலிருந்து அவன் கண் பாதி நேரம் ரோட்டில், பாதி நேரம் கண்ணுசாமியின் பாதத்தில்.

வெண்ணந்தூரில் கடலைக்காய் மூட்டை ஏற்றிச் சேலத்துக்குக் கிளம்பிய ஒரு காலையில், அந்தப் பாதம் மறுபடி அமுங்கியது. அப்புசாமி முறைத்தான்.

"அண்ணா, வண்டி!" என்று கத்தினான் கண்ணுசாமி.

"எனக்கே சொல்லித் தாரயா?" என்று அவன் பக்கமே திரும்பினான் அப்புசாமி. நிமிர்ந்தபோது எதிரே மாட்டுவண்டி. ஸ்டியரிங்கை ஒடித்தான். வண்டிக்காரன் சென்னிமலை குதித்துத் தப்பினான். அவன் மாட்டின் காலை முறித்த லாரி புளியமரத்தில் முட்டி நின்றது. அப்புசாமியின் வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது.

எஞ்சின் ஓடும் நிலையில்தான் இருந்தது. அவனைத் தூக்கி உட்காரவைத்து, சேலத்து ஆசுபத்திரி வரைக்கும் கண்ணுசாமியே ஓட்டினான். மேட்டில் ஓரிடத்திலும் எஞ்சின் திணறவில்லை. எத்தனை நாள் பழக்கமோ இது என்று அந்த வலியிலும் அப்புசாமிக்குத் தோன்றியது.

முதலாளி பார்க்க வந்தார். "ரெண்டாவது லாரி வாங்கலாம்னு இருந்தேன். பர்மிட்டு வார முட்டும் வெளிய சொல்ல வேண்டாம்னு பாத்தேன். அதை ஓட்ட அவன் உங்கிட்டப் பழகட்டும்னுதான்..."

அப்புசாமி தலையாட்டினான். நம்பவில்லை.

மணிக்கட்டு நேராகக் கூடவில்லை. லாரி கண்ணுசாமி கைக்குப் போயிற்று. கால் முறிந்த மாட்டுக்கு ஈடாகத் தன் உழவு மாடு ஒன்றை அவிழ்த்து வண்டிக்காரன் சென்னிமலைக்கு அனுப்பிவிட்டு, அப்புசாமி முதலாளியின் கடலைக்காய்க் களத்துக்கு வேலைக்குப் போனான். சண்டை முடிந்த வருசம் இரண்டாவது லாரியும் மாலை போட்டுக்கொண்டு வந்து நின்றது.

"பாத்தீங்களா? அவரு சொன்னது நெசந்தானுங்க," என்றாள் பாப்பாயி.

"இது அப்பறம் வந்த ரோசனை புள்ளே," என்று அப்புசாமி கோணல் கையால் மூட்டையை இழுத்துத் தைக்கத் தொடங்கினான்.