பெயருக்கு முன்னால் வந்த சொல்

கரையான்சாவடியில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அந்த வீட்டு பாய் பினாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தார். எண்பதுகளில் ஒரு வருஷம், நாலு மாதமாக அவரிடமிருந்து கடிதமே வரவில்லை. அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தினமும் வாசலில் நின்று தபால்காரருக்காகக் காத்திருப்பார்.

ஒரு நாள் மத்தியானம் மலேசியா தபால்தலையோடு உறை வந்தது. கையெழுத்து அவருடையதல்ல. அக்கா என்னிடம் ஓடி வந்தார்.

"நீ இங்கிலீசு படிச்சவ. இன்னா எய்திகீதுன்னு சொல்லும்மா."

எழுத்துதான் இங்கிலீஷ், பாஷை மலாய். அனுப்பியவர் பாய் குடியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மாள் என்பது பிறகுதான் தெரிந்தது. தெரியாது என்று நான் திருப்பிக் கொடுத்திருக்கலாம். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிய திமிர் விடவில்லை.

"அர்த்தம் புரியலக்கா. வாய்விட்டுப் படிக்கிறேன், ஏதாச்சும் பிடிபடுதா பாருங்க."

தங்குதடையில்லாமல் படித்தேன். மூன்றாவது வரியில் 'அர்வா' என்றொரு சொல்லும், அதை ஒட்டி பாயின் பெயரும் வந்தன. அக்கா அப்படியே அசையாமல் உட்கார்ந்துவிட்டார். யாரோ என் வாய்க்குள் புகுந்துகொண்டு அவரிடம் பேசுவதுபோல் இருந்தது. பயமாக இருந்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

"போதும்மா. அது எங்க வார்த்த. மவுத்தானவங்களுக்கு பாத்தியா ஓதறப்ப அவங்க பேருக்கு முன்னாடி சொல்றது."

அரபியில் 'ஆத்மாக்கள்' என்று பொருளாம். கப்பலேறி மலாய்க்குப் போய், இறந்தவர் பெயருக்கு முன்னால் நம் 'காலஞ்சென்ற' மாதிரி ஒட்டிக்கொண்டதாம். ஜாவாவில் நோன்புக்கு முந்தைய மாதத்துக்கே அந்தப் பெயர்தானாம். இதெல்லாம் வெகுகாலம் கழித்து நான் படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு அந்த அறையில் அர்த்தம் தெரியாதவள் நான் ஒருத்திதான், அதை அவரிடம் சொன்னவளும் நான்தான்.

அக்கா அழவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இன்னொரு தபா பாரும்மா. அது இல்லாம அவரு பேரு ஒரு எடத்துலயாவது கீதா?"

விரல் வைத்துத் தேடினேன். கடிதத்தில் எங்கேயும் இல்லை. உறையின் மேல், இன்னாரின் மனைவிக்கு என்று முகவரி எழுதிய இடத்தில் மட்டும் பெயர் தனியாக இருந்தது.

அக்கா உறையை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். கடிதம் இன்னமும் என்னிடம்தான் இருக்கிறது.