சோளக்காட்டு வீட்டுக்கு வராத மகன்

மடுத்தீனை நடிகர் என்று சொன்னால், பிரெஞ்சு நாட்டில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் சிரிப்பார்கள். அங்கே ரூ காய் என்ற தெருவில் உணவகமொன்றின் சமையலறையில் பரோட்டாவுக்கு மா குழைக்கிறவர் அவர். ஆனால் இருபத்துமூன்று வருடங்களாக ஒரே நாடகத்தில் ஒரே பாத்திரம் ஏற்றவர் இங்கே வேறு எவரும் இல்லை. ஒரேயொரு குறை, அவரை மேடையில் யாரும் கண்டதில்லை.

நாடகத்தின் பெயர் ‘சோளக்காட்டு வீடு’. தென்னாபிரிக்காவில் வெள்ளைக்காரரும் வெள்ளைக்காரரும் அடித்துக்கொண்ட பழைய போரைப் பற்றி ஆபிரிக்கான்ஸ் மொழியில் எழுதப்பட்டது. எங்கள் சங்கச் செயலாளர் ஞானசுந்தரம் ஒரு காலத்தில் நாடக அரங்கொன்றில் துப்புரவு வேலை செய்தவர். அங்கே கிடந்த பிரெஞ்சுப் பிரதியைக் கொண்டுவந்து தமிழாக்கினார்.

“எங்கடை சண்டையைப் போட்டால் நாலு பகுதியும் சண்டைக்கு வரும். இது ஆரோ ஒருத்தற்றை சண்டை, ஒருத்தரும் கேளாயினம்” என்றார். சொன்னபடியே ஒருவரும் கேட்கவில்லை.

கதை இதுதான். போருக்குப் போன மகனுக்காகத் தாய் ஒருத்தி மூன்று அங்கம் காத்திருக்கிறாள். அவன் செத்துவிட்டான் என்கிறது ஊர். கடைசிக் காட்சியில் கதவைத் திறந்துகொண்டு மகன் வருகிறான். “அம்மா, வந்திட்டன். சாப்பிட ஏதும் இருக்கோ?” என்கிறான். அந்த மகன்தான் மடுத்தீன். அவருக்கு வசனமே அவ்வளவுதான்.

மண்டபத்தை வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்குத் தருவார்கள். ஏழு மணிக்கு அங்கே சால்சா நடன வகுப்பு. ஐந்து மணித்தியாலம் தாராளம் என்று நினைப்பவருக்கு எங்கள் சங்கங்களைத் தெரியாது. மங்கள விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, சிறப்புரை, பொன்னாடை. ஒருவரை விட்டுவிட்டால் அவர் அடுத்த மாதம் தனிச்சங்கம் தொடங்கிவிடுவார். இதெல்லாம் முடிந்து திரை விலக ஐந்தரை ஆகும். மூன்றாம் அங்கத்தில் தாய் சன்னலில் விளக்கை வைத்துவிட்டு அழுகிற இடத்தில், காவலாளி சரியாக ஏழுக்கு மின்சாரத்தை நிறுத்துவான்.

2002இல் லண்டன் விருந்தினர் எழுபது நிமிடம் பேசினார். 2008இல் ஒருவர் கோபித்துக்கொண்டதால் இரண்டு பிரதம விருந்தினர்கள். 2014இல் குத்துவிளக்குப் புகைக்கு அபாயமணி அடித்து, தீயணைப்புப் படையினர் ஓடிவந்தார்கள். வந்தவர்களைச் சும்மா அனுப்பலாமா? அவர்களுக்கும் பொன்னாடை. 2019இல் உரைகளே இல்லை என்று முடிவெடுத்தார்கள். ஏன் உரைகள் இல்லை என்பதை ஞானசுந்தரம் விளக்கி முடிக்கவே ஐந்தரையாகிவிட்டது.

ஆகவே மகன் வரவே இல்லை. சனம் விம்மி விம்மி அழுதுவிட்டுப் போனது. பார்க்க வந்தவர்களில் மகன் வராத வீட்டுக்காரர் நிறையப் பேர். அவர்களை அப்படி அழவிட்டு அனுப்புவதுதான் மடுத்தீனின் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. மகன் வருகிறான் என்பது அவருக்கல்லவா தெரியும்!

மனைவி பேர்ளி, மகன் வரும் காட்சிக்கு உடுப்புத் தைத்துக் கொடுத்தவர். ஆனாலும் முன்வரிசையில் இருந்து ஒவ்வொரு முறையும் அழுவார். “நீங்கள் உண்மையா நடிக்கிறியளோ, இல்லாட்டி அங்கை பின்னாலை படுத்துக் கிடக்கிறியளோ?” என்று கேட்பார்.

தாயாக நடித்த முதல் பெண் லண்டன் போய்விட்டார். அடுத்தவருக்கு முழங்கால் வலி. இப்போது தாய், இங்கேயே பிறந்த சாண்ட்ரா. வயது இருபத்தொன்பது. மகனுக்கு ஐம்பத்தைந்து. தாடிக்குச் சாயம் பூசித்தான் வீடு திரும்ப வேண்டும்.

இந்த வருட மேடையேற்றத்துக்குச் சங்கம் ஒரு முடிவெடுத்தது: நீண்டகாலக் கலைச்சேவைக்காக மடுத்தீனைக் கௌரவிப்பது, அதுவும் நாடகத்துக்கு முன்பு. மடுத்தீன் ஞானசுந்தரத்தைத் தேடிப் போனார்.

“அண்ணை, எனக்குப் பொன்னாடை வேண்டாம். அந்தக் கடைசி ரெண்டு நிமிசத்தைத் தாங்கோ.”

“விசர்க்கதை கதையாதை. கூசேன்வில் கிளை ஆக்கள் மாலையும் கட்டிப்போட்டினம்” என்றார் ஞானசுந்தரம்.

ஏழு பேர் பேசினார்கள். ‘குறைவாகப் பேசி நிறைவாக நடிப்பவர்’ என்றார் ஒருவர், நேரில் கண்டவர்போல. பதினொரு பொன்னாடைகளுக்கு மேலே சாயம் பூசிய தாடி மட்டும் தெரிந்தது. மணி ஐந்தரையாக ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏற்புரைக்கு ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார்கள். எழுதிவந்த நன்றியுரை சட்டைப்பைக்குள். பொன்னாடைகளைத் தாண்டிக் கை போகவில்லை. மடுத்தீன் மணிக்கூட்டைப் பார்த்தார். இந்த முறையும் இல்லை என்று விளங்கியது. சபைக்கு முதுகைக் காட்டி, மூடிய திரையைப் பார்த்துச் சொன்னார்:

“அம்மா, வந்திட்டன். சாப்பிட ஏதும் இருக்கோ?”

திரைக்குப் பின்னே வேடத்தோடு நின்ற சாண்ட்ரா பிரதியை ஒழுங்காகப் பாடமாக்கியவள். திரையை விலக்கிக்கொண்டு வந்தாள்.

“இரு மோனை, சூடாக்கித் தாறன்” என்று அவரைக் கையில் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். வழியெல்லாம் பொன்னாடைகள் விழுந்தன.

அதற்குப் பிறகுதான் நாடகம் தொடங்கியது. முதலாம் அங்கத்தில் ஊரார் மகன் செத்துவிட்டான் என்றபோது பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வழமைபோல ஏழு மணியாகப் போகையில் தாய் சன்னலில் விளக்கை வைத்துவிட்டு அழுதாள். சால்சாக்காரர் வாசலில் நின்றார்கள். காவலாளி விசையில் கை வைத்தான்.

முன்வரிசையில் பேர்ளி எழுந்து நின்றார்.

“அழாதை பிள்ளை” என்றார் மேடையைப் பார்த்து. “அவன் வந்திட்டான். நாங்கள் எல்லாரும் கண்டனாங்கள்.”

“ஓம், ஓம்” என்றது மண்டபம். பிறகுதான் விளக்கு அணைந்தது.