நகராத தூசி

தூசியைத் துடைத்தால் சம்பளம் தருவார்கள். எங்களுக்குத் தூசியைக் கண்டுபிடித்தால் தருகிறார்கள். எங்கோ வெளிநாட்டில் ஓர் அணு இணைவு உலை. உள்ளே பிளாஸ்மா, சூரியன் மாதிரி தகிக்கும். உலைச் சுவரிலிருந்து உதிரும் துகள் உள்ளே விழுந்தால் பிளாஸ்மா அணைந்தே போகலாம். கேமரா எடுத்த படங்களில் அந்தத் துகள்களைச் சுற்றிக் கட்டம் போட்டால், அதைப் பார்த்துக் கணினி கற்றுக்கொள்ளும். புதுக்கோட்டையில் ஒரு மாடி அலுவலகத்தில் எனக்கு மூன்று மாதத் தற்காலிக வேலை. தவறு கூடினால் வீட்டுக்கு. திரையைப் பார்த்தே கண்ணெரிந்தவர்களுக்கு என் பாடு புரியும்.

அம்மாவுக்கு விளக்கியது

என்ன வேலை என்று அம்மா கேட்டாள். சொன்னேன்.

“அதுக்கு எதுக்குடி பஸ் ஏறிப் போற? ஒன் கட்டிலுக்கு அடியில ஒரு வருஷத்துக்கு வேலை கெடக்கு.”

முதல் கண்டுபிடிப்பு

முதல் வாரம், நாற்பது படங்களில் ஒரே இடத்தில் ஒரு புள்ளி. நாற்பதிலும் கட்டம் போட்டேன். எங்கள் குழுத் தலைவி அமுதா அக்கா வந்து, “இங்கிட்டு நகரு” என்று துப்பட்டா முனையால் என் திரையைத் துடைத்தார். புள்ளி காணோம்.

“இது நம்ம ஊருத் தூசிம்மா. நகர்ந்தா துகள், நகராட்டி கறை. அவ்வளவுதான்.”

பஸ் ஜன்னலில்

அந்த விதியையே பிடித்துக்கொண்டேன். மூன்றாவது மாதக் கடைசியில் ஒரு புள்ளி வந்தது. இடம் மாறவில்லை, படத்துக்குப் படம் பெரிதாகிக்கொண்டே இருந்தது. திரையைத் துடைத்தேன், போகவில்லை. கேமராக் கறை என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

மாலை பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட். நேர் ரோட்டில் எதிரே ஒரு பைக்கின் விளக்கு. இங்கும் அங்கும் அசையாமல், பெரிதாகிக்கொண்டே வந்தது. கேமராவை நோக்கி நேராக வரும் துகளும் அப்படித்தானே தெரியும்! இதுவரை எத்தனையைக் கறை என்று தள்ளினேன்?

“வல்லத்திராக்கோட்டை வந்துருச்சும்மா, எறங்கலையா?” என்றார் கண்டக்டர்.

வாய் திறந்தது

மறுநாள் அமுதா அக்காவின் மேசைவரை மூன்று முறை போய், மூன்று முறையும் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். சொன்னால் என் தவறுகள் வரம்பைத் தாண்டும். சொல்லாவிட்டால் கணினியும் என்னைப் போலவே கற்றுக்கொள்ளும். நான்காவது முறை சொல்லிவிட்டேன்.

அவர் என் படங்களைப் பார்த்தார். தன்னுடையதையும் திறந்தார். அங்கேயும் அதே புள்ளிகள், அதே ‘கறை’. அறையில் எல்லாருடையதிலும் அப்படியே. எல்லாவற்றையும் மறுபடி பார்க்கச் சொன்னார். பின் மேசையிலிருந்து ராணி அக்கா கத்தினார்:

“மூணு மாசமா வாயே தொறக்கல. தொறந்த அன்னைக்கே எல்லாருக்கும் வேலை வச்சுட்டியேடி!”

என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. நாங்கள் கறை என்று தள்ளியதையெல்லாம் திரும்பப் பார்த்து முடிக்கும்வரை யாரையுமே அனுப்ப முடியாதாம்.